அந்தரத்தில் இரண்டு சக்கரம்

— திருப்பு மேரி. முழுசா வலது பக்கம்.

— திருப்பிட்டேன்.

— எப்படி இருக்கு?

— இறுக்கமா... ரொம்ப இறுக்கமா இருக்கு.

— ஜாக்கி போட்டு முன்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல நிக்குது. தரையே தொடல. ஒத்தை விரல்ல சுத்தணும்.

— மூணு மாசமா நீங்கதான சொல்லுதீங்க, ஸ்டியரிங் இறுக்குதுன்னு? இப்ப நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?

— நம்பாம என்ன... இன்னொரு தடவ. இடது.

— ம்... அம்மாடி! கை வலிக்கு.

— சரி, போதும்.

— சக்கரத்தையே பாத்துக்கிட்டு நனையுதீங்க. மழைய விட்டு உள்ள வாங்க.

— இது மழை இல்ல. மேகம் தரைக்கு எறங்கியிருக்கு.

— மேகத்துலயும் சளி பிடிக்கும். தேஹு ரோடு டிப்போவுல எத்தனையோ லாரிய சரி பண்ணுத சவரிமுத்து மேஸ்திரிக்கு, சொந்த வண்டி ஒண்ணு மசிய மாட்டேங்கு!

— சிரி, சிரி.

— டயர்ல காத்து பாத்தீங்களா?

— அடிச்சாச்சு. மூட்டுக்கெல்லாம் கிரீஸ் வச்சாச்சு. ஸ்டியரிங் பெட்டியில ஆயிலும் மாத்தியாச்சு. சந்தேகத்த ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும்.

— இன்னும் என்ன பாக்கி?

— ஜான்சி நாளைக்கு எத்தனை மணிக்கு எறங்குதா?

— பத்தரைக்கு. காலையிலேருந்து இதையே கேக்கீங்க. பேசாம டாக்ஸி சொல்லிருவோமா?

— டாக்ஸியா? குவைத்துக்குப் போறப்ப நாந்தான கொண்டு விட்டேன்? பிள்ளையோட வாரப்ப அப்பா வண்டியிலதான் ஏறுவேன்னு போன்ல சொன்னாளே, கேட்டியா இல்லையா?

— கேட்டேன்.

— பேத்திய முதமுதலா பாக்கப் போறேன். எவனோ ஓட்டுத வண்டியிலயா...

— சரி, சரி. கோவப்படாதீங்க. ஏறி உக்காருங்க.

— நகரு... இல்ல, நீ ஸ்டியரிங்லயே இரு. நான் அந்தப் பக்கம் ஏறுதேன்.

— கதவ மூடுங்க... கண்ணாடியெல்லாம் வெள்ளையாயிட்டு. எதுத்த குவார்ட்டர்ஸ் தெரியல. மரம் தெரியல. ஓடிட்டு இருக்க மாதிரியே இருக்குல்லா?

— சக்கரம்தான் தரையிலயே இல்லையே. பறக்குதுன்னு சொல்லு.

— பறக்கட்டும். எங்க போறோம்?

— லோஹேகாவ் ஏர்போர்ட்.

— வழி சொல்லுங்க.

— விளையாடுதியா?

— சும்மா சொல்லுங்களேன்.

— ...நிகடி வந்துட்டு. பச்சை விழுந்திருக்கு. நேரா போ.

— போயாச்சு. பிம்ப்ரில ஒரு மீன்காரி கூடையோட குறுக்க வாரா.

— ஹாரன் அடி.

— பாவம், அவ போகட்டும்.

— தாபோடி பாலம். கீழ ஆறு தெரியுதா?

— மேகம்தான் ஆறு மாதிரி ஓடுது. நம்மளும் கூடவே மிதக்கோம்...

— மெதுவா போ. கட்கி. வளைவு வருது.

— ம்... வளைச்சாச்சு.

— எரவாடா. லாரி ஒண்ணு நிக்குது. வலது பக்கமா ஒடிச்சு எடு.

— எடுத்தாச்சு.

— மேரி...

— என்ன?

— சடக்குன்னு எடுத்துட்ட. இப்ப இறுக்கலையா?

— ...இறுக்கத்தான் செய்யுது.

— நான் கீழ உக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்தேன்? நீ அம்மாடின்னு கத்துனப்பவும் சக்கரம் காத்தாடி மாதிரி ஆடுச்சு.

— பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க?

— நீ ஏன் பொய் சொன்ன? வண்டி இறுக்குதுன்னு ஒரு டிரைவர் வந்து சொன்னா, எல்லாத்தையும் பாத்துட்டுக் கடைசியா ஆள மாத்தி உக்கார வைப்போம். டிப்போவுல அதான் வழக்கம். மூணு மாசமா அத மட்டும் நான் செய்யல.

— இன்னைக்கு மட்டும் ஏன் செஞ்சீங்க?

— நாளைக்கு வண்டிக்குள்ள கைப்பிள்ளை இருக்கும்லா... வண்டியில ஒண்ணும் இல்ல மேரி. என் வலது தோள்தான். பாதிக்கு மேல தூக்க வரல.

— தெரியும்.

— தெரியுமா! எப்பலேருந்து?

— ஈஸ்டர் பூசையிலேருந்து. சிலுவை போடுதப்ப உங்க கை நெத்திக்கு எட்டல. குனிஞ்சு, நெத்தியக் கைகிட்டக் கொண்டு போனீங்க.

— அப்பவே கேட்டிருக்கலாம்லா?

— கேட்டா ஒத்துக்கிடுவீங்களாக்கும்? நீங்க ஸ்டியரிங்னு சொன்னீங்க. நானும் ஸ்டியரிங்னு சொன்னேன்.

— ம்... சரி. தெருமுக்குல கோவிந்தராஜன் கடையில போய் டாக்ஸிக்கு போன் பண்ணிரு. ஜான்சிகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிடுதேன்.

— டாக்ஸி எதுக்கு? மத்தியானம் மத்தியானம் செபக்கூட்டத்துக்குப் போறேன்னு சொன்னேனே, அதெல்லாம் சிஞ்ச்வட் டிரைவிங் ஸ்கூலுக்கு. போன மாசமே லைசென்ஸ் வந்துட்டு... எறங்குங்க, ஜாக்கிய நானே எறக்குதேன். நாளைக்குப் பேத்திய மடியில வச்சுக்கிடுததுதான் உங்க வேலை. அதுக்கு இடது கை போதும்.