சூடானாத்தான் தெரியும்

பட்டனை விடாதீங்க மாமா, அமுக்கிட்டே இருங்க. பந்து உள்ள போனா போகட்டும், அடுத்தது வரும். நீங்க ஜெயிக்கணும்னு இங்க யாரும் வேண்டிக்கல. இந்த பின்பால் மிஷினோட போர்டு சூடாகணும், அவ்ளோதான். நான் பின்னால மீட்டரோட நிக்கணும், பட்டனுக்கு ஒரு ஆள் வேணும்.

ஆமா, இப்ப நல்லாத்தான் ஓடுது. அதான் வியாதியே. ஒரேயடியா செத்த போர்டுன்னா ஒரே நாள்ல கண்டுபுடிச்சிருப்பேன். இது குளுந்து கெடந்தா தங்கம். ஆள் வந்து பாத்தா லைட்டு எரியும், மணி அடிக்கும். சூடு ஏறுனதும் பந்தைத் தட்டுற வலது கட்டை படுத்துரும். ஆறுனா மறுபடி தங்கம்.

ஃபோன் அடிச்சா அடிக்கட்டும். உங்கம்மாவா இருக்கும், அப்புறம் பேசிக்கலாம். கையெடுத்தா சூடு எறங்கிரும், மறுபடி மொதல்லருந்து அமுக்கணும். நாளைக்கு உங்க கேம் கடை திறப்புன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்க. வந்தவங்க முன்னாடி நின்னு போச்சுன்னா யார் மானம் போகும்?

பத்தாவது ஃபெயிலுதான், அதுக்கென்ன. நான் மண்டைல ஏறலன்னு படிப்ப விட்டேன். அக்கா காலேஜ்ல மொத ஆளா இருந்து உங்களைக் கட்டிக்கிறதுக்காக விட்டா. எது கேவலம்னு நீங்களே சொல்லுங்க.

மொறைக்காம பந்தைப் பாருங்க.

அவ மொத தடவ வந்து சொன்னப்ப வீட்ல ஒருத்தரும் நம்பல. அம்மா உங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தங்கிப் பாத்தாங்க. அத்தை அத்தைன்னு பழம் உரிச்சுக் குடுத்தீங்களாம். மாப்பிள்ளை சொக்கத் தங்கம், நம்ம பொண்ணுக்குத்தான் வாய் நீளம்னு திரும்பி வந்தாங்க. நானும் அதையேதான் சொன்னேன், பொய் எதுக்கு. கைல கட்டோட வந்து நின்னப்பகூட, படியில வழுக்கியிருப்பன்னு சொன்னேன். அவ திட்டல. திரும்ப உங்க வீட்டுக்கே கெளம்பிட்டா.

இந்த போர்டோட மூணு நாள் மாரடிச்சேன். தலை காய வைக்கிற ட்ரையரால சூடு காட்டி, பென்சிலோட பின்பக்கத்தால ஒவ்வொரு இடமாத் தட்டினேன். கடைசில ஒரு கம்பியைப் போர்டோட பத்த வெச்ச ஈயத்துல மயிரிழை விரிசல். சூடானா விலகுது, ஆறுனா ஒட்டிக்குது. குளுந்த நேரத்துல எட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்றவ மெக்கானிக்கே இல்லன்னு அன்னிக்குத்தான் ஒறைச்சுது. ராத்திரி அக்காவுக்கு ஃபோன் போட்டேன். மன்னிப்பெல்லாம் கேக்கல, எனக்கு வராது. என்ன பண்ணணும்னு மட்டும் கேட்டேன்.

உங்களை ஒரு ரெண்டு மணி நேரம் வெளிய உக்கார வெச்சாப் போதும்னா.

விரிசலா? அதை வெள்ளிக்கிழமையே பத்த வெச்சுட்டேனே. நல்ல வேலை, இனி பத்து வருஷத்துக்கு அசையாது. மிஷினை எடுத்துட்டுப் போங்க. அக்காவும் பாப்பாவும் ரெண்டு மணி வண்டில ஏறிட்டாங்க, இப்ப மூணாகுது. எந்த ஊருன்னு என்கிட்ட சொல்லிறாதன்னு சொல்லிட்டேன். நீங்க அடிச்சுக் கேட்டாலும் எனக்குத் தெரியாது பாருங்க, அதுக்குத்தான்.