சுடும் மூச்சு

"பெரியப்பா, நீங்க சுரங்கத்துக்குள்ள அழுதீங்களாமே, நெசமாவா?" என்று ஒரு முறை ஒரு குழந்தை என்னிடம் கேட்டது.

குழந்தைகள் கேட்கத்தான் செய்வார்கள். நான் கோபப்படவில்லை. விருந்து விரிப்பின் நடுவே பவுர்சாக் குவித்து வைத்திருந்தார்கள். எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டைகளில் ஒன்றை எடுத்து, ஊதி ஆற்றி, அதன் கையில் கொடுத்தேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அந்தக் குழந்தையின் அப்பா கப்தேஷ்.

விசாரணை அதிகாரி ஐயா, நீங்கள் எர்சாயின் இறந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் குழந்தைதான் எர்சாயின். அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சுரங்கத்தின் பயிற்சி நிலையத்தில் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவன். புதிதாக இறங்குகிறவனானாலும் தலை நரைத்த மேற்பார்வையாளனானாலும், ஆண்டுக்கொரு முறை என் வகுப்பில் உட்கார்ந்து எழ வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட அட்டை இல்லாதவனுக்கு விளக்கறையில் தலைவிளக்குக் கொடுக்க மாட்டார்கள். விளக்கு இல்லாவிட்டால் இறங்க முடியாது. இறங்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த மனிதர்களின் பயம் எனக்குப் புரியும். அதனால் என் வகுப்பில் தேநீர் எப்போதும் சூடாக இருக்கும். ரஷ்ய எழுத்தைத் தட்டித் தடவிப் படிக்கிறவனுக்குக் கேள்வியை நானே கசாக்கில் வாசித்துக் காட்டுவேன். வேலை முடிந்து நேராக வருகிறவன் கண்ணயர்ந்தால் எழுப்ப மாட்டேன். அல்லா பெரிய தானங்களைக் கணக்கில் வைப்பதைப் போலவே இந்தச் சின்னச் சின்ன இரக்கங்களையும் வைக்கிறான் என்பது என் நம்பிக்கை. இன்றும் அது மாறவில்லை.

இப்போது மூச்சுப்பெட்டி. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனின் இடுப்பிலும் அது தொங்கும். தீப்பிடித்தால் மூடியைத் திறந்து, ரப்பர் வாயைப் பல்லால் கடித்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மருந்து நம் மூச்சை வாங்கிக்கொண்டு நல்ல காற்றைத் தரும். ஆனால் அந்த மருந்து வேலை செய்யும்போது கொதிக்கும். வருகிற காற்று நாக்கைச் சுடும், தொண்டையைக் காய வைக்கும். முதல் முறை அதை இழுக்கிறவனுக்குப் பெட்டி கெட்டுவிட்டது, நெருப்பைத்தான் விழுங்குகிறோம் என்று தோன்றும். தோன்றினால் பிடுங்கி எறிவான். எறிந்தால் புகை இரண்டு மூச்சில் வேலையை முடித்துவிடும். சுட்டால் பெட்டி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தை மறக்கக் கூடாது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. வாலிபத்தில் நானும் கப்தேஷும் ஒரே குழுவில் இருந்தோம். கரி போகும் பெல்ட் தீப்பிடித்த அன்று நான் பெட்டியைத் திறந்து கடித்தேன். சுட்டது. பிடுங்கி எறிந்தேன். அப்படித்தான் எவனும் செய்வான், எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கப்தேஷ் என் கன்னத்தில் அறைந்து, கீழே கிடந்த ரப்பரை எடுத்து என் வாய்க்குள் திணித்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டே, "மூச்சு விடு, நான் இருக்கேன்ல, மூச்சு விடு" என்று சொல்லிச் சொல்லி வெளியே இழுத்து வந்தான். சொல்வதற்காகத் தன் வாயிலிருந்து ரப்பரை அவ்வப்போது எடுத்தான். அந்தப் புகை இன்னும் அவன் நெஞ்சில் இருக்கிறது, குளிர்காலத்தில் இருமுவான். என் உயிர் அவன் கொடுத்தது. நான் அதை மறுத்ததே இல்லை.

அவனும் யாரையும் மறுக்க விடவில்லை. கல்யாணம், பிள்ளைக்குத் தொட்டில் போடுவது, யாராவது புது வீடு குடிபோவது, எங்கே விரிப்பு விரித்தாலும் இறைச்சி வருவதற்குள் அந்தக் கதை வந்துவிடும்.

"நம்ம துலேகென் இருக்கானே, பால்புட்டியை வாயில வெச்சா துப்புற பாப்பா மாதிரி துப்பிட்டான். ரெண்டு போட்டு, 'குடிடா கண்ணு'ன்னு மறுபடி வாயில வெச்சேன். கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. எம் பொண்டாட்டிகூடப் பிள்ளைக்கு இவ்வளவு பாடுபட்டு ஊட்டினதில்லை."

"இப்பவாவது தானாக் குடிக்கிறானா?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

"அதெல்லாம் பழகிட்டான். ஊருக்கே இப்ப அவன்தான் புட்டி குடிக்கக் கத்துக்குடுக்கிறான்."

எனக்குப் பால்புட்டி என்று பெயர் ஆயிற்று. என் வகுப்புக்கு வருகிறவர்களும் என் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். நான் கல்யாணம் பேசப் போன வீட்டில் அந்தப் பெண்ணின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. அதற்கும் கப்தேஷைக் குறை சொல்ல முடியாது. அவனுக்குக் கெட்ட மனசு கிடையாது.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. அவன் சொன்ன கதையில் சூடான காற்று இல்லை. அதைச் சொன்னால் நான் ஏன் எறிந்தேன் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும், அப்புறம் சிரிப்பு வராது. அதனால் கதையை அழகாக்குவதற்காக அதை விட்டுவிட்டான். ஒரே ஒரு முறை அதை முழுசாகச் சொல்லியிருந்தால் அவன் மகன் கேட்டு வளர்ந்திருப்பான். இதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

எர்சாயின் படித்து முடித்து வேலை கிடைக்காமல் அலைந்துவிட்டு, கடைசியில் சுரங்கத்துக்கே வந்தான். பனி இளகும் காலம். கப்தேஷ் ஒரு முழம் குதிரை இறைச்சித் தொத்திறைச்சியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், பையனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே மூடின எடம் ஆகாது. பயிற்சிக்குப் புகை நிரப்பி வெச்சிருக்கியே, அந்த ஒன் புகையறையில மூஞ்சில மூச்சுப்பெட்டியை மாட்டினதும் பயந்து ஓடிட்டான்னு வெச்சுக்க, அட்டை போச்சு, வேலையும் போச்சு. கொஞ்சம் பார்த்துப் பண்ணு. ஊரே சிரிக்கும்டா."

"ஊர் சிரிக்கக் கூடாது" என்றேன். "தனியா அனுப்பு. நான் பாத்துக்கிறேன்."

அவன் என்னைக் கட்டிக்கொண்டான்.

பயிற்சிக்கு வைத்திருக்கும் மூச்சுப்பெட்டியில் ஒரு சூட்டுத் துண்டு உண்டு. உண்மையான பெட்டி எப்படிச் சுடும் என்று பழக்குவதற்காக அதை வைப்போம். அதை எடுத்துவிட்டால் ஊற்றுத் தண்ணீரைக் குடிப்பது போல மூச்சு ஓடும். மற்றவர்கள் போன பிறகு எர்சாயின் வந்தான். நான் சூட்டுத் துண்டை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பையன் பயந்தவன், அவனைத் துன்புறுத்த எனக்கு மனசு வரவில்லை. தகப்பனே வந்து கேட்டிருக்கிறான். இதுவரை இரக்கம்தான், ஒப்புக்கொள்வீர்கள்.

புகையறையில் நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வெளியே வந்ததும் கிளிப்பைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

"இவ்வளவுதானா பெரியப்பா? இதுக்கா ராத்திரியெல்லாம் தூங்கலை நான்?"

"இவ்வளவுதான்."

தேநீர் ஊற்றினேன். அவன் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்:

"சின்ன வயசுல விருந்துல ஒங்களை ஒண்ணு கேட்டுட்டேன். ஞாபகம் இருக்கோ இல்லையோ. அப்பா அதைச் சொல்றப்பல்லாம் எனக்குக் கூசும். நானா இருந்தாலும் அழுதிருப்பேன் பெரியப்பா. மன்னிச்சிடுங்க."

இத்தனை வருடத்தில் அப்படிச் சொன்னவன் அவன் ஒருவன்தான். நல்ல பிள்ளை. நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவனும் அதை மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவருகே போய் அவன் திரும்பினான்.

"பசங்க காத்து சுடும்னு பயமுறுத்துறானுங்களே, அது என்ன?"

நீங்கள் சான்சிஸ்பாயின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். இந்த முறை சுரங்கத்தில் தீப்பிடித்த அன்று எர்சாயினோடு இருந்து பிழைத்து வந்தவன் அவன். எர்சாயின் பெட்டியைத் திறந்தான், கடித்தான், உடனே பிடுங்கி எறிந்துவிட்டு, "சுடுது, கெட்டுப்போச்சு, வேற குடுங்கடா" என்று கத்தினான் என்கிறான். சான்சிஸ்பாய் அதை எடுத்து மறுபடி அவன் வாயில் வைக்கப் போனபோது அவன் கையைத் தட்டிவிட்டு, "பெரியப்பா சொன்னாரு" என்றானாம். அறையத் தோன்றவில்லை என்று சான்சிஸ்பாய் அழுதிருக்கிறான். கப்தேஷுக்குத் தோன்றியது இவனுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் கப்தேஷ் ஆகிவிட முடியாது.

நான் என்ன சொன்னேன் என்பதுதானே உங்கள் கேள்வி. சொல்கிறேன். ஒளிக்க எதுவும் இல்லை.

"அது அந்தக் காலத்துப் பெட்டி. இப்ப வர்றது சுட்டா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். எறிஞ்சிட்டு வேற கேளு" என்றேன்.

அமைதியாகத்தான் சொன்னேன். அட்டையில் கையெழுத்துப் போட்டு அவன் சட்டைப் பையில் வைத்து, பொத்தானையும் நானே மாட்டிவிட்டேன். அந்த வசந்தத்தில் என் உரிமத்தையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது, பயிற்றுநர்களுக்கும் பரீட்சை உண்டு. அதில் மூச்சுப்பெட்டியைப் பற்றிய கேள்விக்கு நான் சரியாக எழுதியிருப்பதாக நேற்றுச் சொன்னீர்கள். ஆமாம். எனக்கு அது மறந்துபோனதில்லை. அந்த வாரம் வகுப்புக்கு வந்த மற்றவர்களுக்கும் சூட்டுத் துண்டு வைத்துத்தான் பழக்கினேன், காற்று சுடும் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர்கள் எல்லோரும் தீயிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். என் பாடத்தில் குறை சொல்ல இடமில்லை.

தீ எப்போது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பிடிக்காமலே போயிருக்கலாம். நான் அதை அல்லாவிடம் விட்டுவிட்டேன். கோடை முழுக்கத் தொழுகை முடிந்ததும் எர்சாயினுக்காகவும் கையேந்தினேன்.

அடக்கத்துக்குப் போனேன். ஆண்களோடு சேர்ந்து நானும் குழியில் மண் போட்டேன். பிறகு வீட்டில் கப்தேஷின் மனைவி குல்பான் எனக்குத் தேநீர் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் மதிப்பான விருந்தாளிக்குக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் மரியாதை. விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். குல்பான் எனக்கு விளிம்புவரை ஊற்றினாள். என் விரலில் சிந்திச் சுட்டது. துக்கத்தில் கை நடுங்கியிருக்கும், பாவம். நான் முழுசாகக் குடித்தேன்.

கப்தேஷைக் காணவில்லை. கொல்லைக் கொட்டகையில் கரிக் குவியலின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் ஆட்கள் முன்னால் அழமாட்டான். அழுகையும் இருமலும் ஒன்றாக வந்து நெஞ்சை அடைத்திருந்தன. வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். என்னைப் பார்த்ததும் என் கோட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நாந்தான்டா... ஒன்கிட்ட அனுப்பினேன்... பார்த்துப் பண்ணுன்னு சொன்னேன்ல..."

"சொன்னே" என்றேன்.

நான் கதவைச் சாத்தினேன். அவன் கன்னத்தில் ஒரு அறை வைத்தேன். மூச்சு திரும்பியது. அவன் தலையை என் மார்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடு, நான் இருக்கேன்ல, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் மூச்சு என் சட்டையைத் தாண்டிச் சுட்டது. அடங்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அன்றோடு அவனுக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது ஐயா. பார்த்தவர்கள் யாரும் இல்லை. எந்த விருந்திலும் நான் இதைச் சொல்லிக் காட்ட மாட்டேன், அப்படி ஒரு மனிதனை நோக அடிக்க எனக்குத் தெரியாது.