பரணில் இருந்த புதுச்சேலை

விளாத்திகுளம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகனும். பேச்சில் தெரிந்தவை:

1. கோவில்பட்டியில் பெண் பார்த்துவிட்டு வருகிறார்கள்.
2. அந்த வீட்டு டி.வி.யில் சிரிப்பு நாடகம். தனியாக இருக்கும் பெண் பேய் ஒன்று மாப்பிள்ளை கேட்டு அழுதது, எல்லாரும் சிரித்தார்கள்.
3. பெண்ணின் தாயார் மட்டும் சட்டென்று எழுந்து டி.வி.யை நிறுத்திவிட்டார்.

"ஏம்ல நிறுத்துனா?"

"கரண்டு பில்லு கூடிரும்னு இருக்கும்."

"சிரிக்காதல. பரண்ல தொறந்து கெடந்த ஓலைப்பெட்டிக்குள்ள புதுச்சேலை இருந்துச்சு. கன்னிக்குப் படைக்கிற சேலை. கல்யாணம் ஆகாமயே ஒரு பிள்ளை அந்த வீட்ல செத்திருக்கா. நம்மகிட்ட ஒத்தைப் பிள்ளைன்னுல்லா சொன்னாவ?"

"இப்ப ஒத்தைப் பிள்ளைதானம்மா."

"எப்படிச் செத்தாளோ? கெணத்துல விழுந்தாளோ என்னமோ? அது தெரியாம அங்கன சம்பந்தம் வேண்டாம்."

"மூளைக் காய்ச்சல்மா. பத்தாவது படிக்கையில. அக்கான்னா இவளுக்கு உசுரு."

அம்மா முழுதாக அவன் பக்கம் திரும்பினார்.

"உனக்கு யாருல சொன்னா? தரகர் கொண்டாந்த எடம், இன்னைக்குத்தான் மொதல்ல பாக்கேன்னியே?"

மகன் சன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்தான்.

"எங்கன வச்சு ரெண்டு பேரும் பேசுதீங்க?"

செத்த பெண்ணைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. கல்யாணம் இன்னும் முடிவாகவில்லை.