கருமேகம் அனுப்பியவன்

மரக்காணத்தில் பிறந்தவனுக்கு மேகத்தைப் பார்த்தாலே கலக்கம்தான், சார். மற்ற ஊரில் மழையைக் கும்பிடுவார்கள். எங்களுக்கு ஒரு தூறல் போதும், பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும்.

அந்தக் கலக்கத்தைத்தான் நான் விளையாட்டாக்கினேன். செல்போனில் ஓர் உப்பளம், விரலால் வாரிக் குவிக்க வேண்டும். குவியல் முடியப்போகும் சமயம் கருமேகம் வந்து கொஞ்சத்தைக் கரைத்துவிடும். ஜெயித்தவன் எழுந்து போய்விடுவான், தோற்றவனும் போய்விடுவான். இன்னும் ஒரே ஒரு தடவை வாரிவிட்டால் போதும் என்று தவிக்கிறவன்தான் உட்கார்ந்திருப்பான். அவன் மனசு அடங்கவே கூடாது. சென்னைக் கம்பெனிக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன், பத்து நிமிஷத்தில் சலித்துவிடும் என்று சிரித்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆளை வைத்துப் பார்க்க வேண்டுமே. என் அக்கா ஜெயப்ரியாவிடம் கொடுத்தேன்.

"போடா, வெயில்ல உப்பு வாருறது பத்தாதா, இதுல வேற வாரணுமா?" என்றாள். ஒரே வாரத்தில், அடுப்பில் சோறு அடிப்பிடிப்பதுகூடத் தெரியாமல் விளையாடினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நானில்லை.

அன்று மதியம் அவள் வாசல் நிழலில் உட்கார்ந்து செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் மாடியில், ஜன்னலோரம். அவள் ஆட்டம் என் கம்ப்யூட்டரில் அப்படியே தெரியும், மேகத்தையும் நானே அனுப்பலாம். அவள் மகள் தமிழ்நிலா, இப்போதுதான் நடக்கப் பழகியவள், கொட்டாங்குச்சியில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, உப்பளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் பக்கம் தத்தித் தத்திப் போனாள். பெரியவர்களுக்கு இடுப்பளவு ஆழம்தான்.

அக்காவின் விரல் நின்றது. "பாப்பா, எங்கடி இருக்குற?" என்றாள். தலை இன்னும் நிமிரவில்லை. நான் மேகத்தை அனுப்பினேன்.

"இருடி செல்லம், அம்மா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி வாரினாள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலையும் கம்ப்யூட்டர் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். குழந்தை கரையில் குனிந்தாள். இன்னொரு மேகம் அனுப்பினேன். அக்கா நிமிரவில்லை. குழந்தை தண்ணீரில் விழுந்தாள். அப்போதும் நிமிரவில்லை.

பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக அக்கா தலையில் அடித்துக்கொண்டு கிடக்கிறாளாம். பாவம், அவள் மேல் தப்பே இல்லை, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் பாசம் இல்லையா? தமிழ்நிலா என் தோளிலேயே வளர்ந்தவள்.

மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் கத்தினால் அக்கா நிமிர்ந்துவிடுவாளே, சார். அப்புறம் விளையாட்டு நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?