ரெண்டாவது கொக்கி

– ...கேக்குறேன்ல மாமா, மேல எப்படி இருந்துச்சு?

– எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி இருக்கா?

– இந்தாங்க. ஏன் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டே இருக்கீங்க?

– கிளைடர்ல இன்ஜினா ஓடுது, சூடா இருக்க? மேல ஒரே குளிர்.

– இறங்கி இவ்வளவு நேரமாச்சு... இன்னுமா குளிருது?

– நீ தாழ்ப்பாள் செய்ற இன்ஜினியரா, போலீஸா?

– ரெண்டும்தான். என் தாழ்ப்பாள் எப்படி வேலை செஞ்சுச்சு? அதைச் சொல்லுங்க.

– பிரமாதம். தலைக்கு மேல இருக்கிற கண்ணாடி மூடி பிச்சுக்கிட்டுப் போகவே இல்ல.

– சரியா பூட்டின மூடி எதுக்கு மாமா பிச்சுக்கிட்டுப் போகணும்?

– ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

– ம்ம்.

– சரி, சரி... கொஞ்சம் தூக்குச்சு. ரெண்டு விரல் அளவு. இழுத்துட்டுப் போன விமானத்தோட கயித்தை அப்பத்தான் விட்டிருந்தேன். காத்து உய்யுனு உள்ள வந்துச்சு...

– ஐயோ!

– கத்தாத. அதோட நின்னுடுச்சு. மூடியைப் பிடிக்கப் போகாம கிளைடரை ஓட்டுங்கன்னு நீ சொல்லுவியே... அப்படியே ஓட்டி இறக்கிட்டேன். உசுரு போய் உசுரு வந்துச்சும்மா.

– தாழ்ப்பாள் கைப்பிடியை முழுசா முன்னால தள்ளினீங்களா?

– தள்ளினேன்... தள்ளினேன்னுதான் நெனச்சேன். தோள் பெல்ட் நடுவுல மாட்டிக்கிட்டிருக்கு. நான் பாக்கல.

– "எனக்கா கவனம் இல்ல? எத்தனை வருஷமா பறக்கிறேன்"னு போன மாசம் யாரோ குதிச்சாங்க...

– குத்திக்காட்டாத.

– "ரெண்டாவது கொக்கி வச்சு என்னை அவமானப்படுத்துறியா"ன்னு...

– சொன்னேன், சொன்னேன்! கழட்டுன்னும் சொன்னேன். நீயும் கழட்டிட்டேன்னு... இரு. கைப்பிடி பாதியில நின்னா மூடியைப் பிடிச்சுக்கத்தானே அந்தக் கொக்கி?

– ஆமா.

– அது இல்லாம மூடி எப்படி ரெண்டு விரலோட நின்னுச்சு?

– ...இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமா மாமா?

– நீ கழட்டவே இல்ல!

– உங்க தலைக்குப் பின்னாடி, ரப்பருக்கு அடியில தள்ளி வச்சேன். மூடியைத் திறக்கக் கைப்பிடியை முழுசா இழுத்தா அதுவும் சேர்ந்து விட்டுடும். அதான் உங்களுக்குத் தெரியல.

– பொய்க்காரி... நீ நல்லா இருக்கணும்மா.

– அழுறீங்களா?

– காத்து கண்ணுல அடிச்சுச்சு. ஒண்ணே ஒண்ணு... உங்க அக்காகிட்ட மூச்சு விடாத. கொக்கி விஷயம் தெரிஞ்சா, அப்புறம் நான் பறந்த மாதிரிதான்.

– கழட்டாத, கழட்டிட்டேன்னு மட்டும் சொல்லுன்னு சொன்னதே அக்காதான் மாமா.