ஆண் கடலா, பெண் கடலா

பாம்பன் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் ஒருத்தி, அக்கா மகள்கள் இருவருக்கும் போனில் ஓவியங்களைக் காட்டி, பராக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசி ஓவியம் முழுக்க வெறும் நீலம்.

“இது ஆண் கடலா, பெண் கடலா சித்தி?” என்றாள் சின்னவள்.

பாலத்துக்குத் தெற்கே அலையடிப்பதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே அடங்கிக் கிடப்பது பெண் கடல்.

“கடலே இல்லடி. நீலம் மட்டுந்தான். இப்படி வரையுறவுகளும் இருக்காக.”

பெரியவள் எட்டிப் பார்த்தாள். “அலையே இல்ல. பெண் கடல்தான்.”

“அப்பா அங்கனதான மீன்பிடிக்கப் போனாக. படகைக் காணோம்?” என்றாள் சின்னவள்.

“இன்னும் திரும்பலைல,” என்றாள் பெரியவள்.

சித்தி போனை அணைக்கப் போனாள். சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வரைஞ்சவுக, அப்பா வார வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?”