ஒன்பது நாளாக டால்பின் இல்லை

— கயித்தை அப்புறம் கட்டலாம். முதல்ல எனக்குப் பதில் சொல்லு. வலது பக்கம் டால்பின் முதுகு தெரியுதுன்னு நான் கை காட்டினேனா இல்லையா?

— கட்டாம விட்டா படகு போயிடும்க்கா.

— போகட்டும். நாப்பது பேரை ஏத்திட்டு ரெண்டு மணி நேரம் கடல்ல சுத்தி, ஒரு டால்பினைக் கூட காட்டத் துப்பில்லாத படகு இருந்தா என்ன, போனா என்ன?

— அந்தப் பக்கம் அலை ஜாஸ்தியா இருந்துச்சு.

— அலையா? தட்டுல ஊத்தி வெச்ச எண்ணெய் மாதிரி கிடந்துச்சு கடல். யார்கிட்ட கதை விடுறே? இன்னையோட ஒன்பது நாள். நீ பாட்டுக்குக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து ஓட்டிட்டுப் போயிடுறே. முன்னால நின்னு அத்தனை பேர் மூஞ்சியையும் பாக்குறவ நான். டால்பின் எப்படி மூச்சு விடும், எப்படித் தூங்கும்னு சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது. இன்னைக்குச் சொல்ல ஒண்ணுமில்லாம, கலங்கரை விளக்கத்துக்கு எந்த வருஷம் வெள்ளையடிச்சாங்கன்னு சொன்னேன்.

— நீர்க்காகம் காட்டினியே. நல்லாத்தானே பாத்தாங்க.

— நீர்க்காகத்தை அவங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற கால்வாய்லயே பாத்துக்குவாங்க, அதுக்குப் படகேறணுமா? மிதந்து வந்த கறுப்புப் பையைப் பாத்து ஒரு டீச்சர் டால்பின்னு கத்தினாங்க. எல்லாரும் எழுந்து போட்டோ எடுத்தாங்க. அது குப்பைப் பைன்னு நான் எந்த வாயால சொல்றது? சிரிக்கிறியா நீ?

— சிரிக்கலக்கா.

— தொப்பி போட்ட அம்மா ஒருத்தங்க வராங்களே, இன்னைக்கு மூணாவது தடவை. இறங்கும்போது என் கையைப் பிடிச்சுகிட்டு, தப்பா நினைக்காதீங்க, உங்க தம்பிக்கு டால்பின் பிடிக்காதான்னு கேட்டாங்க.

— அவங்க ஏன் அப்படிக் கேக்கணும்?

— ஏன் கேக்க மாட்டாங்க? பறவை கூட்டமா இறங்குற இடத்துல மீன் இருக்கும், மீன் இருந்தா டால்பின் வரும்னு நான்தானே சொல்லிட்டு வரேன். நான் சொல்லி வாயை மூடல, நீ படகை எதிர்ப்பக்கம் திருப்புறே. இன்னைக்கு மட்டும் நாலு தடவை திருப்பினியாம். அவங்க எண்ணியிருக்காங்க.

— எஞ்சின் சூடாகுதுக்கா. சீக்கிரமாத் திரும்பி வர வேண்டியிருக்கு.

— நேத்துதானே மெக்கானிக் பாத்துட்டுப் போனாரு? எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல, உங்க தம்பியைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்னாரு. சரி, அது போகட்டும். வயர்லெஸ்ஸை எதுக்கு அணைச்சு வெச்சிருக்கே?

— யார் சொன்னா?

— சிவப்புப் படகுக்காரர். டால்பின் கூட்டம் பாறைகிட்ட நிக்குதுன்னு தினமும் கூப்பிடுறாராம், உங்காளு எடுக்கவே மாட்டேங்கிறான்னு என்கிட்ட குறைப்படுறாரு. போட்டிக்காரனுக்கு இருக்கிற அக்கறை கூட உனக்கு இல்லையாடா? துறைமுக ஆபீஸ்ல வேற கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இந்த வாரமும் புகார் வந்தா நாம காலையில படகு விடுற நேரத்தை அவருக்கே கொடுத்துடுவாங்களாம். அப்புறம் நீயும் நானும் கரையில உக்காந்து நண்டு பாக்க வேண்டியதுதான்.

— கொடுக்கட்டும்.

— என்னது?

— அவருக்கே கொடுக்கட்டும்னேன். என்னால முடியலக்கா.

— என்ன முடியல? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்? வீட்ல ஏதாவது சண்டையா? உடம்புக்கு ஏதாவதா?

— அந்த வாளியைக் கீழே வெச்சிட்டு உக்காரு, சொல்றேன். பத்து நாளைக்கு முன்னாடி காலேஜ் பிள்ளைங்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— பாறையைத் தாண்டிப் பெரிய கூட்டம். ஒரு தாயும் குட்டியும் நமக்கு முன்னாலயே ஓடிச்சுங்க. பிள்ளைங்க எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு கத்துறாங்க. நான் அப்பவே வேகத்தைக் குறைச்சிருக்கணும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போயிட்டேன். குட்டி திடீர்னு காணோம். அடுத்த நிமிஷம் பின்னால ஒரு தட்டு. பெருசா இல்ல, கதவை விரலை மடக்கித் தட்டுற மாதிரி. என் பாதத்துல தெரிஞ்சுது. திரும்பிப் பாத்தா வெறும் நுரை. குட்டி மேல பட்டது நம்ம படகுக்கு அடியில சுத்துற விசிறிதான்க்கா. யார்கிட்டயும் சொல்லல, வீட்ல கூட. இப்ப அதுங்க முதுகைப் பாத்தாலே கை தானா திருப்பிடுது. திட்டணும்னா திட்டிடு.

— நீ வேகத்தைக் குறைக்கத்தான் பாத்தே. கண்ணாடி வழியா என்னைப் பாத்தே. இன்னும் பக்கத்துல போன்னு கை காட்டினது நான்.

— அது உன் வேலை. உனக்கென்ன தெரியும்? முன்னால நின்னவளுக்கு அந்தச் சத்தம் எங்க கேட்டிருக்கப் போகுது?

— கேட்டுச்சு.

— கேட்டுச்சா?

— கடைசி வரிசையில ஒரு பொண்ணு எழுந்து நின்னு, என்ன சத்தம்னு கேக்க வந்தா. அவ கேக்குறதுக்குள்ள எல்லாரையும் கைதட்டச் சொல்லிட்டேன்.

— அப்புறம் எதுக்குக்கா ஒன்பது நாளா அங்க போ, அங்க போன்னு என் உயிரை வாங்குறே?

— அந்தத் தாய் பக்கத்துல குட்டி நீந்துதான்னு ஒரே ஒரு தடவை பாக்கணும்டா. நீ கிட்டவே போக விட மாட்டேங்கிறியே.